டி-ஸ்கொயர் (டிராயிங் போர்டின் ஓரத்தில் தலைக்கட்டையை அணைத்துவைத்து, நீளப் பட்டையால் கிடைக்கோடு போடும் 'T' வடிவக் கருவி) உங்கள் காலை வாரியதுண்டா?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிராயிங் பழகிக்கொண்டிருந்த காலம். பேரிங் பிராக்கெட் என்ற இயந்திரப் பாகத்துக்கு முகப்பு, பக்கம், மேல் என்று மூன்று தோற்றமும் ஏ1 ஷீட்டில் போட வேண்டும். முகப்புத் தோற்றத்தை முடித்துவிட்டு, அதன் உயரங்களைக் கிடைக்கோடுகளாக இழுத்துப் பக்கத் தோற்றத்துக்குக் கொண்டுபோனேன். அளந்தால் 60 மி.மீ. வரவேண்டிய இடத்தில் 57. பென்சில் மேல் சந்தேகம், ஸ்கேல் மேல் சந்தேகம், அப்புறம் என் கண் மேலேயே சந்தேகம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். இந்த முறை 62!

எரிச்சலில் டி-ஸ்கொயரைத் தூக்கியபோது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். தலைக்கட்டையையும் பட்டையையும் இணைக்கும் திருகு லூஸ். அரை டிகிரி ஆடினால் போதும், 600 மி.மீ. தள்ளிப் போகும்போது கோடு 5 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். இதில் வேடிக்கை, தலை கொஞ்சம் கோணலாக, ஆனால் இறுக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாயும், ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். ஷீட்டையே அதற்கேற்பத் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். ஆடுகிற தலைக்குத்தான் மருந்தே கிடையாது.

—

நான் இடது கைக்காரி. தலைக்கட்டையைப் போர்டின் இடது ஓரத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். இடது கையால் கோடு போட்டுக்கொண்டு வலது கையைக் குறுக்கே நீட்டித் தலையை அழுத்திப் பிடிப்பது என்ன பாடு என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் பேசாமல் வலது ஓரத்துக்கு மாற்றிக்கொண்டேன். வலது ஓரமும் நேராக இருந்தால் போதும், கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவா போகிறது?

—

நான் செய்த கூத்து வேறு. செட் ஸ்கொயர் (செங்குத்துக் கோடு போட டி-ஸ்கொயர் மேல் வைக்கும் முக்கோணம்) எடுக்கச் சோம்பல்பட்டு, டி-ஸ்கொயரைப் போர்டின் மேல் ஓரத்தில் மாட்டிச் செங்குத்துக் கோடெல்லாம் இழுத்துவிட்டேன். அந்தப் போர்டின் மூலை சரியான 90 டிகிரி இல்லை. சதுரமாக வரவேண்டியது எல்லாம் லேசாகச் சாய்ந்து நின்றது.

—

பழைய டி-ஸ்கொயர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, மரப்பட்டை. வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

—

கூர்மையான பென்சிலால் பட்டையின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு இரண்டு முனையிலும் புள்ளி வையுங்கள். பட்டையைக் குப்புறக் கவிழ்த்து, அதே விளிம்பால் அதே புள்ளிகளை இணைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் நல்ல பட்டை. நடுவில் இடைவெளி தெரிந்தால், அதில் பாதிதான் உண்மையான வளைவு. அப்படியே தலையையும் ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். 'டக்' கேட்டால் முதலில் ஸ்க்ரூ டிரைவர், அப்புறம் பென்சில்.