சாயம் இறங்கிய துணிக்கு முழுப் பணம் கேட்டு ஆர்டர் 37 சம்மன்: உதவுங்கள்

பனியன்காரன்:
திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துகிறேன். சாயம் போட்ட காட்டன் துணி 1,200 கிலோ, கிலோ 420 ரூபாய்க்கு வாங்கினேன். 280 கிலோவைக் கட்டிங் போட்டுக் கழுவிப் பார்த்தால் சாயம் இறங்குகிறது. ரோலுக்கு ரோல் ஷேடும் வேறு. துணி வந்த ஆறாம் நாளே வாட்ஸப்பில் போட்டோ போட்டு, "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை. இப்போது 5,04,000 ரூபாயும் வட்டியும் கேட்டுச் சம்மன். பதிலுரைக்கு நிறைய நாள் இருக்கும் என்கிறார் ஆடிட்டர். சரிதானா?

கோர்ட்_வாசல்:
இல்லைங்க, இது சாதாரண வழக்கு இல்லை. ஆர்டர் 37 என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தில் பணப் பாக்கிக்கான சுருக்க வழக்கு, எதிர்வாதம் செய்யவே கோர்ட் அனுமதி வேண்டும். சம்மன் கைக்கு வந்த 10 நாளுக்குள் வக்காலத்து போட்டு ஆஜராக வேண்டும். அப்புறம் வாதி "தீர்ப்புக்கான சம்மன்" அனுப்புவார். அது வந்த 10 நாளுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுப் பிரமாண வாக்குமூலம் போட வேண்டும். விட்டால் பிராதில் (வாதியின் வழக்கு மனுவில்) உள்ளதை ஒப்புக்கொண்டதாக வைத்து டிகிரி (தீர்ப்பாணை) கொடுத்துவிடுவார்கள். தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். சம்மன் எப்போது வந்தது?

பனியன்காரன்:
ஆறு நாள் ஆச்சு!

பழைய_வக்கீல்:
அப்படியானால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள் தம்பி. வணிக நீதிமன்ற வழக்கா, போடும் முன் சமரச முயற்சி நடந்ததா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காமல், அந்தச் சமரச முயற்சியும் செய்யாமல் வழக்குப் போட்டிருந்தால் பிராதையே நிராகரிக்கக் கேட்கலாம்.

உங்கள் சிக்கல் அந்த 280 கிலோதான். கத்தரி வைத்தால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 42. பிரிக்க முடியாத ஒப்பந்தம் என்றால், ஒரு பகுதியை ஏற்றபின் மீதியையும் நிராகரிக்க முடியாது என்கிறது பிரிவு 13(2). எத்தனை பில்?

பனியன்காரன்:
ஒரே பில், ரெண்டு டிசி (டெலிவரி சலான்).

பழைய_வக்கீல்:
ஒரே பில் என்றால் பிரிக்க முடியாத ஒப்பந்தம் என்பார்கள், அது உங்களுக்குப் பாதகம். அதனால் இரண்டு படியாக எழுதச் சொல்லுங்கள். முதல் படி: கழுவினால்தான் தெரியும் குறை, தெரிந்த அன்றே நிராகரித்தேன், பிரிவு 43 படி திருப்பி அனுப்பும் பொறுப்பு எனக்கில்லை. அது எடுபடாவிட்டால் இரண்டாவது: பிரிவு 59 படி, குறைக்கு ஏற்ப விலையைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பது சாட்சி வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம், அனுமதி கேட்க அதுவே நல்ல காரணம்.

வெறுமனே "தரமில்லை" என்று எழுதினால் எடுபடாது. லேப் ரிப்போர்ட், ரோல் எண், போட்டோ எல்லாம் வேண்டும். வாட்ஸப்புக்கு 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கானது) இணையுங்கள். மீதி 920 கிலோவில் யாரும் கை வைக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
இந்த பில்லுக்கு ஜிஎஸ்டி இன்புட் (கட்டிய வரிக்கான வரவு) எடுத்துவிட்டீர்களா? பில் தொகையைக் குறைக்கக் கேட்டு டெபிட் நோட் போட்டீர்களா? "சரக்கு பிடிக்கலைன்னா வரி வரவு எதுக்கு எடுத்தே?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பனியன்காரன்:
எடுத்துட்டேன்... டெபிட் நோட் போடவில்லை. 280 கிலோவுக்கான 1,17,600 ரூபாயைத் தருகிறேன் என்று எழுதிவிட்டால் நல்ல பேர் கிடைக்குமா?

பழைய_வக்கீல்:
அவசரப்படாதீர்கள். தர வேண்டியது என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் தொகையைக் கோர்ட்டில் கட்டினால்தான் அனுமதி கிடைக்கும். வெட்டிய துணியிலும் சாயம் இறங்குகிறது என்றால் அதற்கு ஏன் முழு விலை? கையில் பணம் வைத்துக்கொண்டு, வக்கீலிடம் பேசிய பிறகு அந்த வாசகத்தை எழுதுங்கள். இன்புட் எடுத்ததையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

பனியன்காரன்:
சரிங்க அண்ணா. மீதி ரோலுக்கெல்லாம் இன்று ராத்திரியே எண் போட்டுத் தனியாக அடுக்கிவிடுகிறேன்.