முதியோர் கல்வி: கையெழுத்துப் போட்டா படிச்சவங்களா?

கணக்குப்புலி: 1978 அக்டோபர் 2-ல தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம். 1988-ல தேசிய எழுத்தறிவு இயக்கம். 2009-ல சாக்ஷர் பாரத். 2022-லேர்ந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பேரு மாறுது, அதே அ, ஆ தான். எங்க ஊர்ல பரீட்சை அன்னைக்கு மட்டும் பாட்டிங்களைத் தேடிப் பிடிச்சு உட்கார வெச்சாங்க. இது யாருக்குப் பிரயோசனம்?

சைக்கிள்அக்கா: தம்பி, நான் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்துல தொண்டர், சம்பளம் கிடையாது. பொம்பளைங்க பகலெல்லாம் குவாரியில கல்லு உடைச்சிட்டு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல வந்து உக்காருவாங்க. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக்கச் சொன்னாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளை சைக்கிள்லயே பார் மேல காலைத் தூக்கிப்போட்டு ஓட்டினோம். குவாரியைப் பொம்பளைங்க குழுவுக்கே குத்தகைக்கு விட்டாங்க. கங்காணி நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சதும்தான் அவங்களுக்குப் படிப்போட ருசி தெரிஞ்சது.

கணக்குப்புலி: அது ஒரு கலெக்டரோட சாமர்த்தியம் அக்கா. திட்டத்தோட பெருமை இல்ல. தமிழ்நாட்டு எழுத்தறிவு 1991-ல 62.66 சதவீதம், 2011-ல 80.09. ஏறினதுல பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைங்களாலதான். படிக்காத பெரியவங்க ஒவ்வொருத்தரா போய்ச் சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான். அந்தக் காசைப் பள்ளிக்கே கொடுத்திருக்கலாம்.

சைக்கிள்அக்கா: படிச்ச அம்மா பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்புவாளா? அதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க? ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். நிறைய பேர் மறந்துட்டாங்க. வகுப்புல கொடுத்த மூணு புத்தகம் முடிச்சதும் அடுத்து வாசிக்க ஊர்ல ஒண்ணுமில்ல. பஸ் போர்டும் ரேஷன் கார்டும்தான்.

மலைநாட்டான்: அங்கதான் கேரளா முந்திக்கிச்சு. 1990-ல எர்ணாகுளம், 1991 ஏப்ரல் 18-ல மாநிலம் முழுக்க எழுத்தறிவுன்னு அறிவிச்சாங்க. ஆனா கடையை மூடல. பெரியவங்களுக்கு 4, 7, 10-ஆம் வகுப்புக்குச் சமமான பரீட்சை வெச்சாங்க. 2018-ல எழுத்தறிவுத் தேர்வுல கார்த்தியாயனி அம்மா 96 வயசுல 100-க்கு 98. (நான் பத்தாவது கணக்குல 41. சிரிக்காதீங்க.)

கணக்குப்புலி: 98 மார்க் பத்திரிகைப் போட்டோவுக்கு நல்லா இருக்கும். 96 வயசுல அதை வெச்சு என்ன பண்றது?

மலைநாட்டான்: ஆசை தீர்ந்துச்சுல்ல? பென்ஷன் பாரத்துல வேற யாரோ என்ன எழுதினாங்கன்னு நாமளே பார்க்கறது சின்ன விஷயமா?

சைக்கிள்அக்கா: தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுப் பாட்டியை வகுப்புக்கு அனுப்பினீங்களா?

கணக்குப்புலி: நானே கூட்டிட்டுப் போனேன் அக்கா. மூணாம் நாளே நின்னுடுச்சு. படிக்க வராம இல்ல, புத்தகத்துல எழுத்தே தெரியல. எழுதுபொருள் எல்லாம் கொடுத்தாங்க. கண்ணாடி வேணுமான்னு மட்டும் யாரும் கேக்கல. வீட்ல நானும் கேக்கல.