ஒட்டடுக்கு: பசையால் ஒட்டிய மின்பொறித் தகடுகளுக்கு ஒரு சொல்

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டாரின் உள்ளகத் தகடுகளை, அதாவது கம்பி சுற்றும் இரும்புப் பகுதியின் மெல்லிய தகடுகளை, தறையாணியோ பற்றவைப்போ இல்லாமல் பசையால் ஒட்டி ஒரே கட்டாக ஆக்குகிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ஈப்போ ஆசிரியர் ஐயா ‘பிணைப்புத் தகட்டுக் கட்டு’ என்றும், யாழ்ப்பாணத்து அம்மையார் ‘ஒன்றிணைந்த அகணி’ என்றும் எழுதியிருந்தார்கள். கிள்ளான் தம்பி ‘லேமினேஷன் ஸ்டேக்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று சொற்களையும் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறையில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்வி எனக்கு ஏன் எழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் செம்பனை ஆலைகளிலிருந்தும் எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டுவருவார்கள். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது என் தொழில். பழைய கம்பி வார்னிஷில் இறுகிக் கிடப்பதால், ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியை, உலையில் ஏறக்குறைய 350 பாகை வரை சுட்டு, வார்னிஷைக் கரியாக்கிய பிறகுதான் கம்பியை உருவுவோம். இரண்டு மாதங்களுக்கு முன் மின்சார மோட்டார்சைக்கிள் ஒன்றின் மோட்டார் வந்தது. அதன் ஸ்டேட்டரின் வெளிப்புறத்தில் பற்றவைத்த கோடு இல்லை. தகடுகளின் முகத்தில் ஒன்றையொன்று பிடிக்கக் கொளுவிய குழிகளும் இல்லை. ஓரம், புதிய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தது போல ஒரே வழவழப்பாக இருந்தது. நான் யோசிக்காமல் வழக்கம்போல உலையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் எடுத்தபோது, கம்பி சுற்றும் பற்கள் எல்லாம் விசிறி போல விரிந்திருந்தன. தகடுகளைப் பிடித்திருந்த பசை வெந்து தூளாகியிருந்தது. அந்த மோட்டாரை என்னால் மீட்க முடியவில்லை. உரியவருக்கு ஈடு கொடுத்தேன். இனி இப்படி நேராமலிருக்கப் பட்டறை அட்டையில் எழுதிவைக்க ஒரு சொல் தேடியபோது, எந்தச் சொல்லும் கையில் இல்லை.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> பிணைப்பு என்பது நல்ல பழைய சொல்தானே?

நல்ல சொல்தான், ஐயா. ஆனால் உலோகப் பாகங்களை மின்சாரம் ஓடும்படி ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து நிலத்துக்குக் கொண்டுபோவதை நான் பல ஆண்டுகளாகப் ‘பிணைப்பு’ என்றே எழுதி வருகிறேன். அங்கே மின்சாரம் கட்டாயம் ஓட வேண்டும்; இங்கே ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு மின்சாரம் கடக்கவே கூடாது. நேர் எதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பட்டறையில் ஒரே சொல்லை வைத்தால் பயிலும் பையன்கள் தடுமாறுவார்கள்.

‘ஒன்றிணைந்த’ என்பதிலும் எனக்கு அதே தயக்கம் உண்டு, அம்மா. இங்கே அது இன்னும் ஆழமானது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் கெட்டியான இரும்பை வைத்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து, இரும்பைச் சூடாக்கி ஆற்றலைத் தின்றுவிடும். அதைத் தடுக்கவே இரும்பில் சிலிக்கானைக் கலந்து மின்தடையை உயர்த்தி, மெல்லிய தகடாக உருட்டி, இரு முகங்களிலும் காப்புப் பூச்சிட்டு அடுக்குகிறார்கள். அதிர்வெண்ணும் காந்தச் செறிவும் மாறாதவரை, சுழல் மின்னோட்ட இழப்பு தகட்டுத் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது: 0.5 மில்லிமீட்டர்த் தகட்டை 0.25 ஆக்கினால் அந்த இழப்பு நான்கில் ஒரு பங்காகும். ஆலையில் பழம் பிழியும் பொறியின் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுவதால் 0.5 போதும், மின்வாகன மோட்டாரில் அதிர்வெண் பல நூறு ஹெர்ட்ஸுக்குப் போவதால் தகடு மேலும் மெலிய வேண்டியிருக்கிறது. ஆக, தகடுகள் உறுதியில் ஒன்றாகவும் மின்சாரத்துக்குத் தனித்தனியாகவும் இருப்பதுதான் இந்தப் பொருளின் உயிர். ‘ஒன்றிணைந்த’ என்றால் அந்தத் தனிமை மறைந்துபோகிறது.

‘அகணி’ பனைமட்டையின் உள்நாரைக் குறிக்கும் அழகான சொல். ஆயினும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘உள்ளகம்’ இருப்பதால் நான் அதையே கொள்கிறேன்.

கிள்ளான் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததும் மலாய் வழிக்குப் போய்விடுகிறார்கள். இயற்பியலில் தகடடுக்கிய தேனிரும்பு உள்ளகத்தைத் ‘தெராஸ் பெசி லெம்புட் பெர்லாமினா’ என்றும் சுழல் மின்னோட்டத்தை ‘ஆருஸ் பூசார்’ என்றும்தான் படிக்கிறார்கள். ஆனால் தம்பி, அந்த ‘பூசார்’ என்ற சொல்லைப் பாருங்கள்: தலைமுடிச் சுழியைக் குறிக்கும் தம் வீட்டுச் சொல்லையே மலாய்க்காரர்கள் எடுத்து மின்னோட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சொல்லை நாமும் எடுக்கலாம்.

நான் முன்வைக்கும் சொல் ‘ஒட்டடுக்கு’. இதற்கு முன்மாதிரி நம்மிடம் உண்டு. மெல்லிய மரத்தாள்களைப் பசையால் அடுக்கி ஒட்டியதை ‘ஒட்டுப்பலகை’ என்கிறோம். எந்தத் தச்சருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘ஒட்டு’ என்றதும் ரப்பர் ஒட்டுக்கன்றுதான் நினைவுக்கு வரும் என்பதையும் மறுக்கவில்லை. அங்கே இரண்டு மரம் ஒரே உயிராகிவிடுகிறது. பலகையின் பொருளே இங்கே பொருந்தும்: தாள் தாளாகவே இருக்க, இடையில் பசை நிற்கிறது. பட்டறைப் பையன் ஒருவன் ‘ஒட்டடை’ போல ஒலிக்கிறது என்றான். இரண்டு நாளில் அவனே அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டான்.

இந்தச் சொல் மற்ற முறைகளுக்கும் இடம் தருகிறது. தகட்டை வெட்டும் அச்சிலேயே ஒரு தகட்டின் மேட்டை அடுத்த தகட்டின் குழிவில் அழுத்திச் செருகுவதைக் ‘கொளுவடுக்கு’ எனலாம். தறைந்ததைத் ‘தறையடுக்கு’ எனலாம். பற்றவைத்ததை மட்டும் ‘பற்றடுக்கு’ என்று சுருக்க வேண்டாம். பற்று என்றால் பூசும் பசையும் ஆகுமாதலால், ‘பற்றவைப்படுக்கு’ என்று முழுமையாகவே சொல்லலாம். இம்முறைகளில் தகடுகளுக்கிடையே ஏதோ ஓரிடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டு மின்சாரத்துக்கு வழி விடக்கூடும். கொளுவும் இடத்தில் இரும்பு நசுங்குவதால் அதன் காந்தத் தன்மையும் அங்கே கெடுகிறது. பசையில் இந்தக் குறைகள் இல்லை. அடுக்கு இறுகியிருப்பதால் இரைச்சலும் குறைகிறது.

ஒட்டடுக்கைச் செய்யும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். ஒன்றில், எஃகுச் சுருள் வரும்போதே இரு முகங்களிலும் பாதி இறுகிய எப்பாக்சி வார்னிஷ் பூசியிருக்கும். கம்பி அமரும் காடிகளை வெட்டித் தகடுகளை அடுக்கி, ஊசித் தண்டுகளில் கோத்து, அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய 200 பாகைக்குச் சூடேற்றினால் வார்னிஷ் இளகி, பரவி, பின் இறுகுகிறது. வெப்பம் பூச்சுகளைக் கடந்து கட்டின் நடுவுக்குப் போக நேரமெடுப்பதால், அடுப்பில் வைத்துச் செய்தால் மணிக்கணக்காகும். ஜெர்மானியர் இந்தப் பூச்சைப் ‘பாக்லாக்’ என்கிறார்கள். சுடுதல், வார்னிஷ் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. நாம் ‘சூட்டொட்டுப் பூச்சு’ எனலாம். மற்றொன்றில், அச்சுக்குள் ஓடும் தகட்டின் மேல் நுண்துளைகள் சிறு சிறு பசைப் புள்ளிகளை வைக்க, வெட்டப்பட்ட தகடு கீழே விழுந்து முந்திய தகட்டோடு அழுந்தி, சில நொடிகளில் பிடித்துக்கொள்கிறது. அதைப் ‘புள்ளி ஒட்டு’ எனலாம்.

மாற்றுச் சொல் உள்ளவர்கள் எழுதுங்கள். இதைவிடப் பொருத்தமானது வந்தால் மாற்றிக்கொள்கிறேன். அதுவரை உலையின் கதவில் மாட்டியிருக்கும் அட்டையில் இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: ‘பற்றவைத்த கோடும் கொளுவிய குழியும் தறையாணியும் தெரியாவிட்டால் ஒட்டடுக்கு. சுடாதே. கம்பிச் சுருளின் தலையை வெட்டிக் கம்பியை இழுத்து எடு.’