புதுப்பிப்பு: தோலாவிரா போய் வந்தாச்சு

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் பழைய சிந்துவெளி நகரம் தோலாவிரா. புஜ் நகரிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்த் திரும்ப முடியுமா, இடிபாடுகளைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். ஆனால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள் என்றவர்கள் சொன்னதுதான் சரி. வழியில் இருக்கும் காவ்டா என்ற ஊரிலிருந்து ரண் உப்புவெளியின் நடுவே போகும் சாலைக்கே பாதி மனம் போய்விடுகிறது, இடிபாடுகளை அவசரமாகப் பார்ப்பது பாவம்.

கோட்டை மதில், நடு நகரம், கீழ் நகரம் என்ற அடுக்கை வரைபடத்தில் பார்த்திருந்தேன். நேரில் என்னை நிறுத்தி வைத்தது தண்ணீர்தான். மான்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுபவை. அந்த நீரை அணை கட்டித் திருப்பி, நகரைச் சுற்றிப் பெரிய தொட்டிகளில் தேக்கியிருக்கிறார்கள். சில தொட்டிகள் பாறையையே குடைந்தவை. கிழக்குத் தொட்டியின் படிகளை மேலிருந்து பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கோட்டைக்குள் மழைநீருக்கென்றே தனி வடிகால்களும் உண்டு.

வடக்கு வாசலருகே கிடைத்த, பத்துக் குறியீடுகள் கொண்ட பெயர்ப்பலகையைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அதை இன்றுவரை யாரும் ஏற்கத்தக்க முறையில் படித்ததில்லை. சிந்துவெளி எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் அந்த வாசலில் ஒருமுறையாவது நிற்க வேண்டும்.

2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். நிழல் மிகக் குறைவு, டிசம்பர் அல்லது ஜனவரியில் போங்கள். தண்ணீர், தொப்பி கட்டாயம். தளத்தருகே அருங்காட்சியகம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டு உள்ளே போனால் கற்கள் புரியும்.