குரோஷாவுக்கும் ஹூப்புக்கும் தமிழ்ச்சொல் வேண்டும் (வியாழன் காலைக்குள்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு, பாடம் குரோஷா (முனை வளைந்த ஊசியால் நூலைப் பின்னும் வேலை) போட்ட வளையக் கம்மல், அதாவது ஹூப். செய்முறைத் தாளைத் தமிழில் தருவதாகச் சொல்லிவிட்டு இப்போது முழிக்கிறேன். 5 செ.மீ. கம்பி வளையம், 1.5 மி.மீ. ஊசி, பருத்தி நூல். ஊசியில் ஒரு சுருக்குப் போட்டு, வளையத்துக்குள் விட்டு நூலை இழுத்து, மேலே கொண்டுவந்து மறுபடி நூலைப் பிடித்து, ஊசியிலிருக்கும் இரண்டு சுற்றுக்குள்ளும் உருவ வேண்டும். இது ஒன்று. இப்படிக் கம்பி தெரியாமல் நெருக்கி நெருக்கி அறுபது எழுபது வரும். அந்த "ஒன்று"க்குத்தான் சொல் வேண்டும். தையல் என்று எழுதினால் துணி எங்கே என்பார்கள். குரோஷா, ஹூப் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

——

அம்மா, பிரெஞ்சில் குரோஷே என்றாலே சின்னக் கொக்கிதான். எனவே கொக்கிப்பின்னல். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ப் மிகும், அச்சகத்தில் சொல்லிவையுங்கள். கொக்கின் கழுத்தைப் பார்த்தவனுக்குக் கொக்கி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. கொக்கி, குரோஷே, ஹுக் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விரிவாக நாளை எழுதுகிறேன்.

——

ஐயா, நாளை எழுத வேண்டாம், கொக்கை விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கொளுக்கி என்போம், கொளுவுகிற வேலையைச் செய்வது கொளுக்கி, வினை கண்முன்னாலேயே இருக்கிறது.

——

கொளுக்கி அழகான சொல், ஆனால் இங்கே யாருக்கும் புரியாது. நாகர்கோவில் பக்கம் 1820களிலிருந்து லேஸ் பின்னுகிறார்கள் (அது வேறு, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது). இருநூறு வருடமாக அதை லேஸ் என்றே சொல்லியும் தமிழுக்கு ஒரு குறையும் வரவில்லை. குரோஷா குரோஷாவாகவே இருக்கட்டும். அந்த "ஒன்று"க்குக் கண்ணி என்று வைக்கலாம். சுருக்கு, வளையம் எல்லாம் அதில் அடங்கும், மாலைக்கும் கண்ணி என்று பெயர் உண்டு.

——

கண்ணி பொருத்தம்தான். ஆனால் எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் வெடிதான் நினைவுக்கு வரும். "அறுபது கண்ணி போடவும்" என்று அச்சடித்த தாளை என் அம்மாவிடம் என்னால் கொடுக்க முடியாது.

——

ஹூப்புக்கு வருவோம். குழை இருக்க ஏன் தேடுகிறீர்கள்? கனங்குழை மாதர் என்று குறளிலேயே (1081) வந்தாயிற்று. தென்திருப்பேரைப் பெருமாளுக்குப் பெயரே மகரநெடுங்குழைக்காதர். நூற்குழை! சொல்லும்போதே காதில் ஆடுகிறது. அது பழசு என்றால் வாளி, அகராதியில் காதணி என்றும் பொருள் இருக்கிறது.

——

"வாளி பின்னுவது எப்படி" என்று பலகை வைத்தால் ஒயர்கூடைக் கூட்டம் முழுக்க வந்து நிற்கும், பரவாயில்லையா? குழையிலும் ஒரு சிக்கல். "தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்" என்கிறார் மாணிக்கவாசகர். மாதொரு பாகனுக்கு வலக்காதில் குழை, அம்மை பக்கம் சுருள்தோடு. ஆக குழை ஆண் பக்கத்து நகை.

——

அப்படியானால் கனங்குழை மாதர் யார் ஐயா?

——

சரி, ஒரு நிமிடம். நான் பின்னுகிறவள், இலக்கணம் தெரியாது. நீங்கள் பார்த்து எழுதுகிற ஆங்கிலத் தாள் அமெரிக்கத் தாளா, பிரிட்டன் தாளா? அமெரிக்கர் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷா என்கிறார்கள். ஒற்றை, இரட்டை என்று மொழிபெயர்த்தால் தோடு தட்டாகப் போய்விடும். என்னிடம் பழகுகிற பிள்ளைகளுக்கு உயரத்தை வைத்துத்தான் சொல்வேன், குட்டை, நெட்டை என்று. கையில் பார்த்தால் அது அப்படித்தான் இருக்கிறது. பின்னி முடித்ததும் வடிகஞ்சியில் நனைத்து, தட்டில் விரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் விசிறிபோல் பின்னியவை தொங்கிப்போகும். கம்பி நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்குக் காது அரிக்கும், அதையும் எழுதுங்கள். சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

——

குட்டை, நெட்டை அருமை. ஆனால் குட்டை எது? குட்டைக்கண்ணியா, குட்டைமுடியா? முடி வேண்டாம், கூந்தல் நினைவு வரும்.

——

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்றரை, தாளை அனுப்பிவிட்டேன். குரோஷா, வளையக் கம்மல், குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல். கண்ணி வேண்டாம் என்று சொன்னவருக்காகவே எடுத்துவிட்டேன். எண்ணும்போது வெறுமனே "ஒன்று, இரண்டு" என்றுதான் எண்ணப்போகிறார்கள். கஞ்சியும் நிக்கலும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. கொளுக்கி என்னும் சொல் எனக்குப் பிடித்திருந்தது, தாளில் இடம் இல்லை.

——

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பின்னல் என்பது முழு வேலைக்கும் பெயர், அதன் ஒரு கண்ணுக்கும் அதே பெயர் என்றால் ஆகுபெயர் என்று சமாளிக்க வேண்டியதுதான். தாளைப் பார்த்தேன். "குட்டை பின்னல்" என்று ப் இல்லாமல் அச்சாகியிருக்கிறது.