26 வயது தாண்டிவிட்டால் ஷோகியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவே முடியாதா?

குதிரைக்காய் (கேள்வி)

செஸ் ஆடுகிறவன் நான். கொஞ்ச நாளாக ஜப்பானியச் செஸ்ஸான ஷோகி பக்கம் மனசு போய்விட்டது. 9×9 பலகை, எதிராளியிடம் வெட்டிய காயை நம்முடையதாக்கிப் பலகையில் திரும்ப இறக்கலாம், அதனால் ஆட்டம் போகப் போகச் சூடுபிடிக்கிறதே தவிர ஓய்வதில்லை. வழக்கம்போல ஃபுஜி சோட்டாவில்தான் ஆரம்பித்தேன். 2016-ல் 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர், 2023 அக்டோபரில் எட்டுப் பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில். அதெல்லாம் சரி, மேதைகளின் கதை அப்படித்தான் இருக்கும். என் கேள்வி வேறு. 26 வயதுக்குள் 4-டான் (தொழில்முறையின் முதல் படி) ஆகாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான் என்கிறார்கள், ஆனால் செகாவா ஷோஜி என்பவர் 35 வயதில் உள்ளே வந்திருக்கிறார். எப்படி? அப்படி வந்தவருக்கு அப்புறம் என்ன ஆனது, பிழைப்புக்கு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_ஆட்டம்

இரண்டுமே உண்மைதான் நண்பரே, ஆனால் முதலில் ஷோரெய்காய் என்றால் என்னவென்று தெரிந்தால்தான் செகாவா செய்ததன் கனம் புரியும்.

ஷோரெய்காய் என்பது ஜப்பான் ஷோகி சங்கம் நடத்தும் பயிற்சிக் களம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் குருவாக இருந்து சேர்த்துவிட வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே 6-கியூ என்ற கீழ்ப்படியில் சேர்ந்து, ஜெயித்து ஜெயித்து 3-டான் வரை ஏற வேண்டும். உண்மையான நெருப்பு அங்கேதான். 3-டான் லீக் வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 18 ஆட்டம், முதல் இரண்டு இடங்களுக்கு 4-டான். அதாவது ஜப்பான் முழுவதிலுமிருந்து வருடத்துக்குச் சுமார் நாலு பேர். 4-டான் ஆனால்தான் தொழில்முறை, 3-டான் வரை சம்பளம் கிடையாது. சமமாக வெற்றி பெற்றால் லீக்கின் வரிசையில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்குத்தான் இடம், மறு ஆட்டம் எல்லாம் இல்லை. 26-வது பிறந்தநாள் வரும் லீக் முடிவதற்குள் ஏறவில்லை என்றால் வெளியே. அந்த லீக்கில் வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக இருந்தால் மட்டும் அடுத்ததற்கு நீட்டிப்பு, அதுவும் 29 வரைக்கும்தான்.

இந்தப் பையன்கள் பெரியவர்களின் ஆட்டங்களுக்குக் குறிப்பெடுக்கிற வேலையும் பார்ப்பார்கள். ஜுனிசென் (தொழில்முறை ஆட்டக்காரர்களை ஏ முதல் சி2 வரை வகுப்பு பிரித்து நடத்தும் லீக்) ஆட்டம் ஒன்றில் ஆளுக்கு ஆறு மணி நேரம். காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு தாண்டும். பலகைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் எழுதி, நேரம் தீர்ந்ததும் "ஐம்பது விநாடி... ஒன்று, இரண்டு..." என்று அந்தப் பையன்தான் எண்ணுவான். தான் உட்கார ஆசைப்படும் இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நாள் முழுக்க இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செகாவா 1970-ல் பிறந்தவர். ஹபு யோஷிஹாருவும் அதே வருடம் பிறந்தவர்தான். 1996 பிப்ரவரியில் ஹபு அன்றிருந்த ஏழு பட்டங்களையும் பிடித்தார், அடுத்த மாதமே செகாவா வயது வரம்பில் ஷோரெய்காயை விட்டு வெளியேறினார். எனக்கு இந்த இரண்டு மாதங்களைச் சேர்த்துப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும்.

அப்புறம் கல்லூரி, கம்பெனி வேலை, கூடவே அமெச்சூர் ஆட்டம். 1999-ல் அமெச்சூர்களுக்கான அமெச்சூர் மெய்ஜின் பட்டத்தை வென்றார். அமெச்சூர்களுக்கு இடம் தரும் தொழில்முறைப் போட்டிகளில் எதிரே வந்த 4-டான், 5-டான்களை ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்தார். பத்து ஆட்டத்தில் ஏழுக்கு மேல் வெற்றி. ஜுனிசென்னின் உச்சியான ஏ வகுப்பில் இருந்த குபோ தோஷியாகியும் அவரிடம் தோற்றவர்தான். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 2005-ல் தன்னைத் தொழில்முறையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சங்கத்துக்கு மனு போட்டார்.

ஒன்பதாம்_கட்டம்

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் செகாவா கதையைச் சொல்கிறவர்கள் வயது வரம்பை வில்லனாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரம்பே இல்லை என்றால் 35, 40 வயது வரை "அடுத்த லீக், அடுத்த லீக்" என்று வேறு எந்தத் தொழிலும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். 26-ல் வெளியே வந்தால் இன்னொரு வாழ்க்கை தொடங்க நேரம் இருக்கிறது. மனு சங்கத்து ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்கு வந்தபோது 129 பேர் ஆதரவு, 52 பேர் எதிர்ப்பு. அந்த 52 பேரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தங்களோடு 3-டான் லீக்கில் ஆடி, வயதாகி, சத்தமில்லாமல் ஊருக்குத் திரும்பிப் போன நண்பர்களை நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி சாதாரணமானது இல்லை.

நள்ளிரவு_ஆட்டம்

நியாயமான கேள்வி. ஆனால் யாரும் செகாவாவுக்கு இடத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லையே. ஆறு ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும் என்று தேர்வு வைத்தார்கள். முதல் ஆட்டம் அப்போது 3-டானாக இருந்த சாட்டோ அமஹிகோவிடம் தோல்வி (பின்னாளில் 2016-ல் மெய்ஜின் என்ற பெரிய பட்டத்தை வென்றவர்). இரண்டாவதில் கமியா ஹிரோஷியை ஜெயித்தார். தொடர்ச்சியாக 28 வெற்றி என்று கமியா 1987-ல் வைத்த சாதனையைத்தான் ஃபுஜி 2017-ல் முறியடித்தார். மூன்றாவது ஆட்டம் குபோவிடம் தோல்வி. நான்காவதில் பெண்கள் பிரிவின் நகாய் ஹிரோயே, ஐந்தாவதில் தகானோ ஹிதேயுகி, இரண்டும் வெற்றி. 2005 நவம்பர் 6. ஷோரெய்காய் வழியில் இல்லாமல் தேர்வெழுதி உள்ளே வந்தவர் அதற்கு முன்பு 1944-ல் ஹனாமுரா மோடோஜி ஒருவர்தான், 61 வருட இடைவெளி.

அடுத்த வருடமே சங்கம் இதை நிலையான விதியாக்கியது. தொழில்முறைப் போட்டிகளில் குறைந்தது 10 வெற்றி, 65 சதவீதத்துக்குக் குறையாத வெற்றி விகிதம் இருந்தால் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். புதிதாக வந்த 4-டான்கள் ஐந்து பேரோடு ஆடி மூன்று ஜெயிக்க வேண்டும். ஒரு ஆள் போட்ட மனு, அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாருக்கும் வழியானது. செகாவா விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

குதிரைக்காய்

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அந்த வழியில் வேறு யாராவது வந்தார்களா? வருமானம் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

வெள்ளித்_தளபதி

வந்தார்கள். எனக்குப் பிடித்தவர் இமாய்சுமி கென்ஜி. ஷோரெய்காயிலிருந்து 1999-ல் ஒரு தடவை வெளியேறினார், தேர்வெழுதி 3-டான் லீக்குக்குத் திரும்பி வந்து 2009-ல் மறுபடியும் வெளியேறினார். முதியோர் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே ஆடி 2014 டிசம்பரில் 41 வயதில் தேறினார். 2018-ல் என்ஹெச்கே கோப்பை என்ற தொலைக்காட்சிப் போட்டியில் அவர் தோற்கடித்தது யாரை தெரியுமா? ஃபுஜி சோட்டாவை! அப்புறம் 2020-ல் ஒரிடா ஷோகோ, 2023-ல் கொயாமா ரெயோ. கொயாமா ஷோரெய்காயில் இருந்ததே இல்லை. நிஷியாமா தோமோகா 2020-ல் 3-டான் லீக்கில் 14-4 எடுத்தும் வரிசையில் கீழே இருந்ததால் மூன்றாம் இடம். பிறகு இந்தத் தேர்விலும் 2-2 என்று வந்து 2025 ஜனவரியில் கடைசி ஆட்டத்தில் தோற்றார். ஜெயித்திருந்தால் முதல் பெண் 4-டான். அந்தத் தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருமானம் என்றால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஃபுஜிக்கு 2023-ல் பரிசும் ஆட்டக் கட்டணமும் சேர்த்து 18 கோடியே 63 லட்சம் யென். ரியூஓ பட்டம் ஒன்றுக்கே 4 கோடியே 40 லட்சம். கீழே இருப்பவர்களுக்கு ஆட்டக் கட்டணம் போக, கற்றுக்கொடுப்பது, நேர்முக விளக்கம் சொல்வது என்று ஓடும். நாக்-அவுட் போட்டிகளில் சீக்கிரம் தோற்றால் ஆட்டமும் குறையும், வருமானமும் குறையும்.

தேர்வெழுதி வருகிறவர்களுக்கு இன்னொரு கத்தியும் தொங்குகிறது. அவர்கள் நேராக ஜுனிசென்னுக்குப் போக முடியாது, ஃப்ரீ கிளாஸில்தான் ஆரம்பம். பத்து வருடத்துக்குள் வெற்றி விகிதத்தைக் காட்டி ஜுனிசென்னின் கடைசிப் படியான சி2 வகுப்புக்கு ஏறாவிட்டால் ஓய்வு பெற வேண்டியதுதான். செகாவா 2009-லேயே ஏறிவிட்டார், 2018-ல் 6-டான். ஜப்பான் ஷோகி சங்கத்தின் தளத்தில் அவர் பக்கத்தைத் திறந்தால் ஆட்ட முடிவுகள் இருக்கும், மற்றவர்களுடையதும் அங்கேயே கிடைக்கும். ஆட்டக் குறிப்பு தேடுவதானால் முதலில் அந்த ஐந்தாவது தேர்வு ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள், செஸ் தெரிந்தவருக்கு ராஜாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது சட்டென்று பிடிபடும்.