ஆயிரம் மணி நேரத்தில் கேட்கத் தவறிய கேள்விகள்: டயட்டீஷியன் பயிற்சி அனுபவங்கள்

முதல் பகிர்வு (முதுகலையோடு பயிற்சியையும் சேர்த்து முடித்தவர்)

அமெரிக்காவில் பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆவதற்கு வழி கேட்பவர்கள் அநேகமாக எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மேற்பார்வையின் கீழ் முடிக்க வேண்டிய களப்பயிற்சியில் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இன்டர்ன்ஷிப் காலத்தில் தங்களுக்கு நேர்ந்த ஓரிரு நிகழ்வுகளை உறுப்பினர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 1 முதல் பதிவுத் தேர்வு எழுத முதுகலைப் பட்டமாவது இருக்க வேண்டும். அதற்கு முன் இளங்கலையே போதுமானதாக இருந்தது. ஏசெண்ட் என்னும் அங்கீகார அமைப்பு ஏற்றுக்கொண்ட பாடத்திட்டத்தைப் படித்து, குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சியையும் முடித்தவர்களே சி.டி.ஆர். என்னும் பதிவு அமைப்பு நடத்தும் தேர்வுக்குத் தகுதி பெறுகிறார்கள். பழைய விதிப்படி இது 1200 மணி நேரமாக இருந்தது. பட்டத்தை முடித்துவிட்டுத் தனியாக இன்டர்ன்ஷிப் செய்பவர்களும் உண்டு, இரண்டையும் ஒரே திட்டத்தில் முடிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகை.

களப்பயிற்சியில் துறை துறையாக மாறிச் செல்லும் கட்டங்களைச் சுழற்சி என்கிறோம். என் முதல் மருத்துவச் சுழற்சி ஒரு டயாலிசிஸ் மையத்தில் அமைந்தது. அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு மூன்று மாதங்களாக 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. அங்கே நாங்கள் வைத்திருந்த இலக்கு 5.5. நான் முந்தின இரவு வெகுநேரம் உட்கார்ந்து, பால் பொருள்கள், பதப்படுத்திய இறைச்சி, கோலா பானங்கள் என்று ஒவ்வொன்றிலும் உள்ள பாஸ்பரஸைக் கணக்கிட்டு, இரண்டு பக்க அட்டவணை ஒன்றைத் தயாரித்து, வண்ணத்தில் அச்சிட்டும் எடுத்துச் சென்றேன். இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட கையை அசைக்காமல், மற்றக் கையால் அந்தத் தாளை வாங்கி, முழுவதையும் படித்துவிட்டு, "இதையெல்லாம் நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது" என்றார். எனக்கு அடுத்த வரி எதுவும் தயாராக இல்லை.

பின்னால் நின்ற என் பிரிசெப்டர், அதாவது களத்தில் எங்களை மேற்பார்வையிடும் டயட்டீஷியன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பைண்டர் மாத்திரையை எப்போது போட்டுக்கொள்கிறீர்கள்?" மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, மறக்காமல் இருப்பதற்காகப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்வதாக அவர் சொன்னார். அந்த மாத்திரை குடலில் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வைத்து வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. உணவு இல்லாத நேரத்தில் அதற்குப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. மனிதர் உணவில் ஒரு குறையும் வைக்காமல், மருந்தையும் ஒரு நாள்கூடத் தவறாமல், ஆனால் பயன்படாத நேரத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை குறிப்பு எழுதும் வேலை இருந்தது. ஊட்டச்சத்துக் கண்டறிதலில் சிக்கல், அதன் காரணம், அதைக் காட்டும் சான்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோக்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். நான் முதல் நாளே எழுதி வைத்திருந்த வரைவில், காரணம் என்ற இடத்தில் "உணவு பற்றிய அறிவின்மை" என்று இருந்தது. நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அறிவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன் என்பதை, பிரிசெப்டர் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொல்லின்மேல் பேனா முனையை வைத்தபோதுதான் கவனித்தேன்.

இரண்டாம் பகிர்வு (தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்றவர்)

எனக்கும் ஏறத்தாழ இதே பாடம்தான், ஆனால் நோயாளியால் பேச முடியாத இடத்தில் கிடைத்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒருவருக்குக் குழாய்வழி உணவைத் திட்டமிடச் சொன்னார்கள். தேவை 1800 கலோரி, மில்லிக்கு 1.5 கலோரி தரும் திரவ உணவு. எனவே நாளுக்கு 1200 மில்லி, மணிக்கு 50 மில்லி. கணக்கு அழகாக வகுபட்டதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வழிகாட்டி தாளைப் பார்க்காமல், கட்டிலின் மறுபக்கத்தில் இருந்த பம்பைக் காட்டி, "பால் போல இறங்குகிறதே, அது என்ன?" என்றார்.

அது புரோபோஃபால். மயக்கத்துக்காகத் தரப்படும் அந்த மருந்து கொழுப்புக் குழம்பில் கலந்தே வருகிறது என்பதும், மில்லிக்கு 1.1 கலோரி அதிலிருந்து உடலுக்குச் சேர்கிறது என்பதும் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய செய்திகள்தாம். மணிக்கு 20 மில்லி வீதம் ஓடியது. அப்படியானால் நாளுக்கு 480 மில்லி, 528 கலோரி. என் திட்டத்தின்படி அவருக்கு 2300-க்கும் மேல் போயிருக்கும். சரி, உணவை மணிக்கு 35 மில்லியாகக் குறைத்துவிடலாம் என்று உடனே சொன்னேன். "குறைத்தால் புரதம் எங்கிருந்து வரும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. கலோரிக்காகக் குறைக்கும்போது புரதமும் சேர்ந்து குறைந்துவிடுவதால், புரதம் மிகுந்த வேறொரு திரவ உணவுக்கு மாற்றிக் கணக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டேன். அத்துடனும் முடியவில்லை: மறுநாள் காலை மருந்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், என் தாள் மீண்டும் பழையதாகிவிட்டது. அதற்குப் பிறகு கணினியில் கோப்பைத் திறப்பதற்கு முன் எல்லாப் பம்புகளையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, செவிலியரிடம் இரவில் என்ன மாறியது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மூன்றாம் பகிர்வு (உணவுச் சேவைச் சுழற்சி பற்றி)

மருத்துவமனைச் சமையற்கூடச் சுழற்சியை எப்படியாவது கழித்துவிட வேண்டிய ஒன்றாகவே பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். தேர்வில் நிர்வாகத்துக்கு 21 விழுக்காடும் உணவுச் சேவைக்கு 13 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தபின்தான் கொஞ்சம் மரியாதை வந்தது. அந்த மரியாதையும் மதிப்பெண்ணுக்கானதே.

சமைத்த சூப்பை ஆறவைப்பதற்கு விதி உண்டு: 135 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 70-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும், அங்கிருந்து 41-க்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள் வர வேண்டும். பெரிய பாத்திரத்தில் இருந்த சூப்பில் வெப்பமானியை ஓரமாக விட்டு, 68 என்று பார்த்து, பதிவேட்டில் எழுதினேன். இருபது வருடமாக அங்கே வேலை செய்யும் சமையற்காரர் என் கையிலிருந்து வெப்பமானியை வாங்கி, நுனியைத் துடைத்து, பாத்திரத்தின் நட்டநடுவே, பாதி ஆழத்துக்கு இறக்கிப் பிடித்தார். எண் ஏறிக்கொண்டே போய் 96-இல் நின்றது. இரண்டு மணி நேரம் கடந்துவிட்டிருந்ததால் சூப்பை மீண்டும் 165 வரை சூடாக்கி, இம்முறை அகலமான, ஆழமில்லாத தட்டங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் ஊற்றச் சொன்னார். அவரிடம் முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் முதுகலை மாணவி சமையற்காரரிடம் வெப்பமானி பிடிக்கக் கற்றுக்கொள்வதா என்ற ஒரு எண்ணம் உள்ளுக்குள் இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்காம் பகிர்வு (தொலைநிலை இன்டர்ன்ஷிப் செய்தவர்)

தொலைநிலைத் திட்டங்களில் பிரிசெப்டரை நாமேதான் தேட வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். நான் நாற்பதுக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகே மருத்துவச் சுழற்சிக்கு ஓர் இடம் பிடித்தேன். அந்த டயட்டீஷியன் சம்மதித்த பிறகும், மருத்துவமனையின் சட்டப்பிரிவு பல்கலைக்கழகத்தோடு செய்ய வேண்டிய ஒப்பந்தத்தை மூன்று மாதம் இழுத்தடித்தது. தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முடித்துவிட்டு நான் சும்மா இருந்தேன். ஊதியம் கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டிருந்தால் அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருப்பேன்.

ஐந்தாம் பகிர்வு (இந்தியப் பட்டத்தோடு வந்தவர்)

பட்டத்தை மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்குச் சான்றிதழ்களை அனுப்புவது ஒரு படிதான். அதன் பிறகு, பாடத்திட்ட இயக்குநர் நாம் படித்த ஒவ்வொரு பாடத்தையும் தம்முடைய பாடங்களோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் படிக்கச் சொல்கிறார். என் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டுமே இருந்ததால், உள்ளடக்க விவரங்களுக்காகப் பழைய கல்லூரிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பாடத்திட்ட நூலைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பகிர்வை எழுதியவரிடம் ஒரு கேள்வி: மாத்திரை நேரத்தை மாற்றிய பிறகு அந்தப் பெரியவருக்குப் பாஸ்பரஸ் இறங்கியதா?

முதல் பகிர்வை எழுதியவரின் பதில்

அடுத்த மாத ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் நான் பள்ளி உணவுத் திட்டச் சுழற்சிக்கு மாறிவிட்டேன். பயிற்சி முடிந்த இடத்தில் நோயாளியின் கோப்பைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை இல்லை. அடையாள அட்டையையும் கடைசி நாள் மாலையே வாங்கிக்கொண்டார்கள். விடைபெறச் சென்றபோது அவர், உணவு வேளைக்கு என்று சட்டைப் பையில் ஒரு சிறிய மாத்திரைப் பெட்டி வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.